நிற்காத கீழ் பல்செட்: தேய்ந்துபோன தாடையில் ஒரு நிகழ்வு ஆய்வு

முழுப் பல்செட்டில் மேல் செட் ஒரு கதை, கீழ் செட் வேறு கதை. மேலே அண்ணம் முழுவதும் தாங்கிக்கொள்கிறது. ஓரம் சரியாக மூடி, நடுவில் மெல்லிய உமிழ்நீர்ப் படலம் இருந்தால் செட் ஒட்டிக்கொள்ளும். கீழே இருப்பது லாட வடிவில் ஓர் ஒடுங்கிய பட்டைதான், அதன் நடுவே ஓயாமல் அசையும் நாக்கு. இயற்கைப் பற்கள் இருக்கும்போது வேர்களைச் சுற்றியுள்ள சவ்வு ஒரு தாடைக்குச் சுமார் 45 சதுர சென்டிமீட்டர் பரப்பில் கடியின் பளுவைத் தாங்குகிறது. பற்கள் போன பிறகு மேல் செட்டுக்குச் சராசரியாக 23 சதுர சென்டிமீட்டர் ஈறு கிடைக்கும், கீழ் செட்டுக்கு 12தான். அந்தப் பன்னிரண்டும் நிலையாக இருப்பதில்லை. செட் அணிந்தவர்களை 25 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து டால்கிரென் 1972இல் வெளியிட்ட ஆய்வில், கீழ்த்தாடை மேடு (பற்கள் நின்றிருந்த எலும்பு வரம்பு) மேல்தாடை மேட்டைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு தேய்ந்திருந்தது.

இந்தக் கட்டுரை அப்படித் தேய்ந்த ஒரு கீழ்த்தாடையைப் பற்றியது. முன்பு கட்டிய செட்டுகள் தோற்றதற்கு “எலும்பே இல்லை, என்ன செய்வது” என்று நோயாளிக்குக் காரணம் சொல்லப்பட்டிருந்தது. எலும்பு இல்லை என்பது உண்மைதான். ஆனால் பற்களை எங்கே நிறுத்தினார்கள், வாயை எந்த உயரத்தில் மூட வைத்தார்கள் என்ற இரண்டும்தான் அந்தத் தோல்வியில் பெரிய பங்கு என்பது என் கணிப்பு. சிகிச்சையும் அந்தக் கணிப்பின் மேல்தான் நடந்தது.

நோயாளி

67 வயதுப் பெண், ஓய்வுபெற்ற ஆசிரியை. ஈறு நோயால் பற்கள் ஆடத் தொடங்கி, நாற்பது வயதை ஒட்டி எல்லாப் பற்களையும் எடுத்துவிட்டவர். மேல் செட்டில் தனக்கு ஒரு குறையும் இல்லை என்றார். கீழ் செட்டைப் பற்றிக் கேட்டதும் கைப்பையிலிருந்து மூன்று செட்டுகளை எடுத்து வரிசையாக வைத்தார்.

“மூணுமே ஒரே மாதிரிதான் டாக்டர். பேச வாயைத் திறந்தா மேலே எழும்பி வருது. சாப்பிடும்போது கழற்றி வெச்சிடுறேன்.”

செட்டைச் சாப்பிடத்தான் கட்டுகிறோம். சாப்பாட்டு நேரத்தில் கழற்றி வைக்கிறார் என்றால் அது முகத்துக்கான அலங்காரமாக மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். இந்த ஒரு வாக்கியம் வராவிட்டால் அவரிடம் ரிலைன் (பழைய செட்டின் உட்பக்கத்தை மட்டும் ஈறுக்குப் பொருந்தப் புதுப்பிப்பது) பற்றிப் பேசியிருப்பேன்.

சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறார், மூன்று மாத சராசரி (HbA1c) 7.4 சதவீதம். கால் நரம்பு எரிச்சலுக்கு இரவில் அமிட்ரிப்டிலின். இந்த மருந்து உமிழ்நீரைக் குறைக்கும். பரிசோதனையின்போது வாய்க்கண்ணாடி கன்னத்தின் உட்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு வந்தது. மருந்தை நாமாக நிறுத்தச் சொல்லக் கூடாது. அவருடைய மருத்துவருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன், அளவு பிறகு பாதியாகக் குறைந்தது. வறட்சி முழுதாகப் போகவில்லை.

வாயும் பழைய செட்டுகளும்

முகத்தின் கீழ்ப்பகுதி சுருங்கி, மோவாய் முன்னால் தள்ளி நின்றது. வாயின் இரு ஓரங்களிலும் வெடிப்பு, ஈரம். மேல் செட்டைக் கழற்றியதும் அண்ணத்தில் செட் மூடியிருந்த இடம் மட்டும் எல்லை கட்டியதுபோல் சிவந்திருந்தது: செட்டுக்கு அடியில் வரும் அழற்சிக்கான நியூட்டன் வகைப்பாட்டில் இரண்டாம் வகை. வலி இல்லாததால் அவருக்கே தெரியாது. இரவிலும் கழற்றாமல் தூங்குபவர்களுக்கு இது சாதாரணம், கேண்டிடா பூஞ்சையும் கூடவே இருக்கும்.

கீழ்த்தாடையில் முன்பக்கம் தாழ்ந்து உருண்ட மேடு, பின்பக்கம் மேடே இல்லை, குழி. தாடை மேட்டின் தேய்மானத்தை ஆறு படிகளாகப் பிரிக்கும் அட்வுட் வகைப்பாட்டில் முன்னால் ஐந்து, பின்னால் ஆறு. நாக்கின் அடியில் தாடையின் உட்பக்க எலும்பு முண்டு விரலுக்கு நேராகத் தட்டுப்பட்டது. எக்ஸ்ரேயில், உதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்வு தரும் மென்டல் நரம்பு வெளிவரும் துளை இரு பக்கமும் மேட்டின் உச்சியிலேயே இருந்தது. அங்கே விரலால் அழுத்தியபோது உதட்டில் மின்சாரம் பாய்ந்ததுபோல் இருக்கிறது என்றார்.

சரி, செட்டுகளுக்கு வருவோம். பழைய செட்டுகளைப் பார்க்காமல் புதிய செட்டைத் திட்டமிடவே கூடாது என்பது என் பிடிவாதம். அவை நோயாளியை விடத் தெளிவாகப் பேசும். முதல் செட்டின் பற்கள் தேய்ந்து பலகைபோல் ஆகியிருந்தன. இரண்டாவதில் யாரோ உள்ளே மென்மையான லைனர் (மெத்தைபோன்ற உள்பூச்சு) போட்டிருந்தார்கள். அது இறுகி, ஓரத்தில் உரிந்து, கரும்புள்ளிகளோடு இருந்தது. மூன்றாவதுதான் கவனிக்க வேண்டியது. புதியது, பளபளப்பானது, ஓரங்கள் நன்றாகவே நீட்டப்பட்டிருந்தன. ஆனால் அகலமான கடைவாய்ப் பற்கள், அதுவும் தாடை மேல்நோக்கி ஏறும் சரிவு வரை இரண்டாம் கடைவாய்ப் பல்லையும் சேர்த்து அடுக்கியிருந்தார்கள். எல்லாமே நாக்குப் பக்கமாகச் சாய்ந்திருந்தன. பற்களின் உள்விளிம்பு அடித்தட்டைத் தாண்டி நாக்கின் மேல் ஒரு தாழ்வாரம்போல் நீண்டிருந்தது. நாக்கு அகலமாகும் ஒவ்வொரு முறையும் அந்த விளிம்புக்கு அடியில் போய் செட்டைத் தூக்கிவிடும்.

அதைப் போட்டு வாயைப் பாதி திறந்து சும்மா இருக்கச் சொன்னேன். செட் அசையவில்லை. நாக்கு நுனியால் மேலுதட்டைத் தொடச் சொன்னதும் பின்பக்கம் எழும்பியது. அடுத்ததாக என் ஆட்காட்டி விரல்களைச் செட்டின் இரு பக்கமும் வைத்து மெதுவாகக் கடிக்கச் சொன்னேன். வலது முன்கடைவாய்ப் பல் முதலில் தொட்டது. அடுத்த கணமே செட் முன்னால் வழுக்கியது. ஓய்வு நிலைக்கும் கடிக்கும் இடையே உள்ள இடைவெளி 8 மி.மீ. வழக்கமாக 2 முதல் 4 மி.மீ. இருக்க வேண்டும். கீழ் செட்டை மட்டும் புதிதாகக் கட்டி, தேய்ந்த பழைய மேல் செட்டோடு பொருத்தியிருக்கிறார்கள். அதனால் தேய்ந்த உயரமே புதிய செட்டுக்கும் போய்விட்டது.

ஆக, அவர் “நல்லாத்தான் இருக்கு” என்று சொன்ன மேல் செட்தான் கீழ் செட்டின் உயரத்தையும் கடியையும் கெடுத்துக்கொண்டிருந்தது. இதை அவருக்குப் புரியவைப்பது எளிதாக இல்லை. பிடித்திருக்கும் பொருளை யாருக்குத்தான் மாற்ற மனம் வரும்? கண்ணாடியை அவர் கையில் கொடுத்து, பழைய செட்டோடு கடிக்கச் சொல்லிப் பக்கவாட்டில் முகத்தைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “மோவாய் இப்படியா நீட்டிக்கிட்டு இருக்கு?” என்றார். இரண்டையும் புதிதாகக் கட்டச் சம்மதித்தார்.

இம்ப்ளான்ட் பற்றிய பேச்சு

பல் இல்லாத கீழ்த்தாடைக்கு முதல் தெரிவு இரண்டு இம்ப்ளான்ட்டுகளின் (எலும்பில் பதிக்கும் திருகுகளின்) மேல் நிற்கும் செட்தான் என்று 2002இல் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய வல்லுநர்கள் அறிவித்தார்கள். நோயாளியிடம் அதைச் சொல்லாமல் சாதாரண செட்டுக்குப் போவது நியாயமில்லை. சர்க்கரை அளவும் தடையாக இல்லை, முன்பக்க எலும்பும் போதும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “எலும்புல துளை போடுறது மட்டும் வேண்டாம் டாக்டர், வேற எது சொன்னாலும் செய்யறேன்” என்றார். அது அவருடைய முடிவு. கேஸ் தாளில் அப்படியே எழுதிக்கொண்டேன்.

லைனர் போட்டுத் தர முடியுமா என்றும் கேட்டார். வலியை அது குறைக்கும், ஆனால் தவறான இடத்தில் நிற்கும் பல்லைச் சரியான இடத்துக்கு நகர்த்தாது. அவரிடமிருந்த இரண்டாவது செட்டே அதற்குச் சாட்சி.

தயாரிப்பு

சிவந்த அண்ணத்தின் மேல் அளவு எடுத்தால், வீக்கத்துக்கு அளவு எடுத்ததாகிவிடும். அதனால் முதலில் ஈறு ஆறட்டும் என்று விட்டோம். இரவில் செட்டைக் கழற்றித் தண்ணீரில் போட வேண்டும். வாய் ஓரத்துக்குப் பூஞ்சைக் களிம்பு. மேல் செட்டின் உள்ளே டிஷ்யூ கண்டிஷனர் (ஈறு ஆற உதவும் மென்மையான தற்காலிகப் பூச்சு), சில நாட்களுக்கு ஒருமுறை மாற்றியது. மூன்றாவது கீழ் செட்டின் கடைவாய்ப் பற்கள் மேல் குளிர்-அக்ரிலிக் (வேகவைக்காமலே இறுகும் பிளாஸ்டிக்) வைத்து 3 மி.மீ. உயர்த்தி, மேற்பரப்பைச் சமமாக விட்டேன். தாடை எங்கே வேண்டுமோ அங்கே தங்குதடையில்லாமல் மூடப் பழகட்டும் என்பதற்காக. இதில் ஒரு வசதி உண்டு: உயரம் ஒத்துக்கொள்ளவில்லையென்றால் சுரண்டி எடுத்துவிடலாம். புது செட்டில் ஏற்றிவிட்ட உயரத்தை அவ்வளவு சுலபமாக இறக்க முடியாது. சில வாரங்களில் சிவப்பு அடங்கியது, தாடை வலியும் வரவில்லை.

அளவு

மேல் தாடையில் புதுமை எதுவும் இல்லை. அவர் வாய்க்கென்றே செய்த ஸ்பெஷல் ட்ரே, ஓரங்களுக்குச் சூட்டில் இளகும் கிரீன் ஸ்டிக், பிறகு தண்ணியான லைட் பாடி சிலிக்கான். வறண்ட வாயில் ஸிங்க் ஆக்ஸைடு யூஜினால் பேஸ்ட் ஒட்டிக்கொண்டு எரிச்சல் கொடுக்கும் என்பதால் அதைத் தவிர்த்தேன். பின் ஓரத்துக்கு “ஆ” சொல்ல வைத்து, அண்ணம் அசையத் தொடங்கும் கோட்டைப் பென்சிலால் குறித்தேன்.

கீழே மெக்கார்டும் டைசனும் 1997இல் விவரித்த கலவையைப் பயன்படுத்தினேன்: எடையில் மூன்று பங்கு இம்ப்ரஷன் காம்பவுண்ட் (இதுவும் சூட்டில் இளகும் அளவுப் பொருள்), ஏழு பங்கு கிரீன் ஸ்டிக். இரண்டையும் 60 டிகிரி வெந்நீரில் போட்டு, விரலில் வாஸ்லின் தடவிக்கொண்டு, நிறக் கோடுகள் மறையும்வரை பிசைய வேண்டும். கோடு தெரிந்தால் கலவை சரியில்லை, ஓரிடம் முதலில் இறுகும், ஓரிடம் தாமதமாக இறுகும். தட்டையான மேட்டின் மேல் ஈறு மடிந்து கிடக்கும். தண்ணியான பொருள் அந்த மடிப்பை அப்படியே பதிவு செய்யும், பிறகு செட் அந்த மடிப்பைக் கடிக்கும். இந்தக் கலவை கொஞ்சம் கெட்டியாக இருப்பதால் மடிப்பை நீவி விரித்துவிட்டுப் பதிகிறது. வேலை செய்ய ஓரிரு நிமிடம் கிடைக்கும், அதற்குள் நாக்கை நீட்டி, உதட்டைக் குவித்து, விழுங்கச் சொல்ல வேண்டும். ஆறியதும் விரலால் ட்ரேயை அழுத்திப் பார்த்தேன். வலி இல்லை. வலித்திருந்தால் அந்த இடத்தைச் சூடாக்கி மறுபடி உட்கார வைத்திருப்பேன். பின்னால் ரெட்ரோமோலார் பேட் (கடைசிக் கடைவாய்ப் பல்லுக்குப் பின்னுள்ள ஈறுத் திண்டு) முழுவதும், பக்கத்தில் பக்கல் ஷெல்ஃபும் (மேட்டுக்குக் கன்னப் பக்கம் உள்ள தட்டையான எலும்புப் பரப்பு) வந்திருந்தன. மேடு இல்லாத இடத்தில் பளு தாங்கப்போவது அந்த ஷெல்ஃப்தான்.

உயரமும் கடியும்

பற்கள் வர வேண்டிய இடத்தில் வைக்கும் மேல் மெழுகு விளிம்பை முன்பக்கம் 22 மி.மீ. உயரத்தில் தொடங்கி, உதட்டுக்குத் தகுந்தபடி குறைத்தேன். மூக்கு நுனியிலும் மோவாயிலும் புள்ளி வைத்து ஓய்வு நிலையை அளந்தேன். பழக வைத்த உயரத்தோடு இன்னும் 1 மி.மீ. சேர்த்து, இடைவெளியை 4 மி.மீ. என்று நிறுத்தினேன். 2 வரை போகலாமே என்று கேட்கலாம். இவ்வளவு தேய்ந்த மேட்டில், பல வருடம் தாழ்ந்தே மூடிப் பழகியவருக்கு, கொஞ்சம் தாராளமாக விடுவதுதான் நல்லது. உயரம் கூடினால் தசைக்கு ஓய்வு கிடைக்காது, ஈறு நாள் முழுக்க நசுங்கும், பற்கள் ஒன்றோடொன்று தட்டும். ‘பஸ்’, ‘மிஸ்’, ‘ஸைஸ்’ என்று சொல்லச் சொல்லிப் பார்த்தேன், விளிம்புகள் நெருங்கி வந்தன, இடிக்கவில்லை.

கடியின் இடத்தை, நாக்கு நுனியை அண்ணத்தின் பின்னால் வைத்து மூட வைத்து மென்மையான மெழுகில் பதிந்தேன். ஒரு தடவை பதிந்ததை நம்பவில்லை. பழைய செட் முன்னால் வழுக்கியே கடித்த தாடை, பழைய வழியையே தேடும். அடுத்தடுத்து எடுத்த பதிவுகள் ஆர்ட்டிகுலேட்டரில் (தாடையின் அசைவைப் போலச் செய்யும் கருவியில்) ஒரே இடத்தில் உட்கார்ந்த பிறகுதான் மேலே போனேன்.

பற்கள் நிற்க வேண்டிய இடம்

இந்த கேஸின் மையம் இதுதான். வழக்கமாக லேபில் கீழ்ப் பற்களை மேட்டின் உச்சிக் கோட்டில் அடுக்குவார்கள். மேடே இல்லாதபோது எந்தக் கோட்டில்? நாக்கு வெளியே தள்ளும், கன்னமும் உதடும் உள்ளே தள்ளும். இரண்டு தள்ளலும் சமமாகும் ஓர் ஒடுங்கிய பாதை நடுவில் இருக்கும், அதைத்தான் நியூட்ரல் ஸோன் என்கிறோம். பல் அங்கே நின்றால் அதே தசைகள் செட்டைப் பிடித்துக்கொள்ளும்.

கீழ் அடித்தட்டில் முன்கடைவாய்ப் பல் இருக்கும் இடத்தில் இரு பக்கமும் ஒவ்வோர் அக்ரிலிக் தூண், தீர்மானித்த உயரத்துக்கு. மெழுகு விளிம்பை எடுத்துவிட்டு, அதே காம்பவுண்ட் கலவையை மென்மையாக்கி அங்கே வைத்தேன். தண்ணீர் உறிஞ்சி விழுங்கினார், உதட்டை நக்கினார், “ஊ”, “ஈ” என்று இழுத்துச் சொன்னார், வீட்டில் பேசுவதுபோல் பேசினார். வெளியே எடுத்தபோது நேர்த்தியான லாட வடிவம் எதுவும் இல்லை. முன்பக்கம் உதடு அழுத்தி மெல்லிசாகியிருந்தது. வாய் ஓரத்துத் தசை முடிச்சு இருக்கும் இடத்தில் இரு பக்கமும் கிள்ளி எடுத்தாற்போல் ஒரு குறுக்கம். பின்பக்கம் நாக்கு மொத்தத்தையும் கன்னப் பக்கம் ஒதுக்கியிருந்தது. பற்கள் போன வருடங்களில் நாக்கு தனக்கென்று இடம் எடுத்துக்கொள்ளும், இங்கே அது கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. மூன்றாவது செட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இடது கடைவாய்ப் பற்கள் இந்தப் பாதையிலிருந்து 3 மி.மீ. அளவுக்கு நாக்குப் பக்கம் இருந்தன.

இந்த வடிவத்தைச் சுற்றி நாக்குப் பக்கமும் கன்னப் பக்கமும் பிளாஸ்டர் சுவர் எடுத்து, காம்பவுண்டை நீக்கி, அந்த இடைவெளியில் மெழுகை ஊற்றினோம். டெக்னீஷியன் சுவருக்குள் பொருந்தும் பற்களை மட்டுமே அடுக்க முடியும். முதலில் அவர் முகம் சுளித்தார், பாடநூலில் இருக்கும் வளைவு வரவில்லை என்று. நியாயமான வருத்தம்தான். ஆனால் செட் நிற்கப்போவது பாடநூலில் இல்லையே.

கடைவாய்ப் பற்களை ஒடுக்கமானவையாகத் தேர்ந்தெடுத்தோம், இரண்டாம் கடைவாய்ப் பல் வேண்டாம் என்று விட்டோம். சரிவில் பல் வைத்தால் ஒவ்வொரு கடிக்கும் செட் முன்னால் சறுக்கும். கடி லிங்குவலைஸ்டு முறையில்: மேல் பற்களின் உள்முனை மட்டும் கீழ்ப் பல்லின் ஆழமில்லாத குழியில் தொடும், வெளிமுனைகள் தொடாது. கைஸி 1927லேயே இந்த யோசனையை முன்வைத்தார், பெய்ன் 1941இல் அதை விரித்தார். பளு நடுவில் இறங்குவதாலும், பக்கவாட்டுத் தள்ளல் குறைவதாலும் தட்டை மேட்டுக்கு இதைவிடப் பொருத்தமான கடி எனக்குத் தெரியவில்லை. கீழ்ப் பற்களின் மட்டம் ரெட்ரோமோலார் பேடின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டோம். நாக்கு பல் வரிசையின் மேல் சாய்ந்து உட்கார முடிய வேண்டும்.

முன்பற்களுக்கு இளவயதுப் புகைப்படம் ஒன்று கொண்டுவந்தார். நடுவில் சின்ன இடுக்கு இருந்தது. வைக்கலாமா என்று கேட்டேன். “அது வேண்டாம் டாக்டர், அப்பவே எனக்குப் பிடிக்காது” என்று சிரித்தார். நிறத்தில் மட்டும் பேரம் நடந்தது, அவர் கேட்டதைவிட ஒரு படி மங்கலாக முடிந்தது. மெழுகு ட்ரையலில் ‘வ’, ‘ஃப’ சொல்லும்போது மேல் முன்பல் கீழுதட்டின் ஈர எல்லையைத் தொட்டது. நாக்கை மேலே தூக்கினார். செட் அசையவில்லை.

பொருத்துதல்

அக்ரிலிக் வேகும்போது சுருங்கும். பொடியும் திரவமும் 3:1 என்ற வழக்கமான கலவையில் கன அளவில் சுமார் 7 சதவீதம். 74 டிகிரியில் எட்டு மணி நேரத்துக்கு மேல் மெதுவாக வேகவைத்து, தானாக ஆறவிட்டோம். அப்படியும் பல் கொஞ்சம் நகர்ந்தே தீரும். அதனால் செட்டைக் கையில் கொடுக்கும் நாளில் புதிதாக ஒரு கடிப் பதிவு எடுத்து, செட்டுகளை ஆர்ட்டிகுலேட்டரில் மறுபடி ஏற்றி, அங்கேயே, பல் தொடும் இடத்தைக் குறிக்கும் நீலத் தாள் வைத்துத் தேய்த்தேன். வாய்க்குள் நீலத் தாளை வைத்துக் கடிக்கச் சொல்லித் தேய்ப்பதை இந்த மாதிரி கேஸில் நான் நம்புவதில்லை. செட் வழுக்கிப்போய்த் தொட்ட இடத்தையும் தாள் குறிக்கும். அதைத் தேய்த்தால் சரியான தொடுதல் போய், தவறானது நிலைத்துவிடும்.

செட் அழுத்தும் இடத்தைக் காட்டும் பிரஷர் பேஸ்ட் தடவிப் பார்த்தபோது, மென்டல் துளைக்கு நேரே இரு பக்கமும் பேஸ்ட் விலகி அக்ரிலிக் தெரிந்தது. அங்கே மட்டும் பள்ளம் எடுத்தேன்.

சொல்லி அனுப்பியவை: முதலில் மென்மையான உணவு, சிறு துண்டுகளாக, இரு பக்கமும் வைத்து மெல்ல வேண்டும். முன்பல்லால் கடித்து இழுக்கக் கூடாது. சாப்பிடும் முன் ஒரு வாய் தண்ணீர், வறண்ட வாயில் செட் ஈறை உரசும். பற்பசை அக்ரிலிக்கைக் கீறும், அதனால் சோப்பும் மென்மையான பிரஷும். வெந்நீர் வேண்டாம், வளைந்துவிடும். இரவில் தண்ணீரில். தினமும் கொஞ்சம் சத்தமாகப் படிக்க வேண்டும் என்றதும், “அது நாற்பது வருஷமா செஞ்சதுதானே” என்றார்.

பிறகு

மறுநாள் வந்தபோது இடது பக்கம் நாக்குப் புறத்தில், மைலோஹையாய்டு எலும்பு விளிம்புக்கு மேல், அரிசி அளவில் ஒரு புண். புண்ணின் மேல் அழியாப் பென்சிலால் தொட்டு, செட்டைப் போட்டு எடுத்தால் குறி செட்டின் உட்பக்கம் பதியும். அங்கே மட்டும் ஓரத்தைக் குறைத்தேன். வலிக்கிறது என்று சொன்ன இடத்தையெல்லாம் கண்மூடித்தனமாகத் தேய்த்தால், ஒரு மாதத்தில் ஓரமே இல்லாத செட் மிஞ்சும். வார முடிவில் வலது மேட்டின் உச்சியில் இன்னொரு சிவப்பு. இது ஓரத்தால் வந்ததல்ல, கடியால் வந்தது. மறுபடி ஆர்ட்டிகுலேட்டரில் ஏற்றியபோது வலது கடைவாய்ப் பல்லில் ஒரு தொடுதல் முந்திக்கொண்டிருந்தது. அதை எடுத்ததும் அடங்கிவிட்டது.

ஆறாம் மாதப் பரிசோதனையில் வாய் ஓர வெடிப்பு ஆறியிருந்தது, அண்ணம் வெளிர்நிறத்தில் இருந்தது. செட்டோடு சாப்பிடுகிறார். கடினமானவற்றை இன்னும் ஒதுக்குகிறார், இந்தத் தாடையில் அதற்கு மேல் எதிர்பார்ப்பதும் சரியல்ல. கொட்டாவி விடும்போது கீழ் செட் எழும்புகிறது. கையை வைத்து அமர்த்திக்கொள்கிறேன் என்றார். மென்டல் பகுதியில் மின்சார உணர்வு வரவில்லை.

இனி ஆறு மாதத்துக்கு ஒருமுறை வருவார். தேய்மானம் நிற்காது, என்றாவது கீழ் செட்டுக்கு ரிலைன் வேண்டியிருக்கும். அப்போது கடிப் பதிவை மறுபடி பார்க்காமல் உள்ளே மட்டும் புதுப்பிக்கக் கூடாது என்று கேஸ் தாளில் குறித்திருக்கிறேன். நியூட்ரல் ஸோன் பிளாஸ்டர் சுவர்களைப் பத்திரப்படுத்தலாமா என்று டெக்னீஷியன் கேட்டார், வேண்டாம் என்றேன். நாக்கும் கன்னமும் மாறிக்கொண்டே இருக்கும், அடுத்த செட்டுக்கு அதைப் புதிதாகத்தான் எடுக்க வேண்டும்.